பவர் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

பவர் அக்காவுக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. பத்து வருடமாக அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துபோகிற ஆளாக இருந்தாலும் பெயரைச் சொல்லச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். ஆனால் கண்ணாடியின் பவர் மறக்காது. அதே ஆள் தெருமுனையில் திரும்பும்போதே, "ஏங்க, மைனஸ் நாலரை வர்றாரு. அவரு ஃப்ரேம் ரெடியா?" என்று பின்பக்கம் குரல் கொடுத்துவிடுவார். பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அது போதும். சபையிலும் இதே கதைதான். ஜெபத்தில்கூட, "ஆண்டவரே, இடது கண் ஒன்றேகால் போட்ட அந்தத் தங்கச்சிக்குச் சுகம் கொடும்" என்பார். ஆண்டவருக்கு ஆள் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவர் பில் எழுதும் வேலைக்கு வந்தபோது வயது பத்தொன்பது. பழைய முதலாளியின் அனுமதியோடு மாலை வகுப்புக்குப் போய்க் கண் பரிசோதிக்கக் கற்றுக்கொண்டார். அதே கடையில் லென்ஸ் தேய்க்கிற, அதிகம் பேசாத, ஆனால் பாடினால் தரை அதிர்கிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். முதலாளி ஓய்வெடுத்ததும் கடை இவர்கள் கைக்கு வந்தது. கீழே கடை, மேலே வீடு. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் கடை, ஏழாம் நாள் சபை, அன்று மத்தியானம் ஒரு நல்ல தூக்கம். இப்படியே காலம் ஓடிவிடும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அதைக் கெடுத்தது அக்காவுடைய கண்ணாடியின் மூக்குத்தண்டு.

ஒரு ஞாயிறு காலை போதகர் மிகுந்த வருத்தத்தோடு பேசினார். சபையின் வாலிபர் கூட்டத்தில் மிச்சமிருந்த வாலிபர்களில் இளையவருக்கே நாற்பத்தொரு வயது ஆகியிருந்தது. தெருவில் இறங்கி இளைஞர்களைச் சந்திக்கிற ஊழியத்தை எடுத்து நடத்த யாருக்கு உள்ளத்தில் பாரம், ஆவல் இருக்கிறதோ அவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். சபை குனிந்த தலை நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. தள்ளிவிடக் கை மேலே போனது.

"ஸ்தோத்திரம். நம்ம சகோதரி முன்வந்துட்டாங்க" என்றார் போதகர். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை அக்கா கையை இறக்கவே இல்லை. இறக்கினால் என்ன அர்த்தமாகிவிடுமோ என்று பயம்.

வீட்டுக்கு வரும் வழியில் வீட்டுக்காரர், "உனக்கு இவ்வளவு பாரம் இருந்ததை எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"மூக்குத்தண்டு லூசா இருக்கு, சரி பண்ணிக் குடுங்கன்னு ரெண்டு வாரமா சொல்றேன். நீங்க காதுல வாங்கியிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

ஊழியம் அடுத்த சனிக்கிழமையே ஆரம்பமானது. அக்கா, அவர் வீட்டுக்காரர், பாடகர் குழுவில் இருந்து இரண்டு பெண்கள், சபையின் பொருளாளர். பொருளாளர் நல்ல மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு சிரிப்பு இருக்காது. பை நிறையச் சுவிசேஷக் கைப்பிரதிகள் கொண்டுவருவார். கடைவீதிச் சதுக்கத்தில் நின்று போகிற வருகிற இளைஞர்களுக்கு நீட்டுவார்கள். சிலர் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்கள். சிலர் வாங்காமல் வளைந்து போனார்கள். ஒருவன் அழகாக விமானம் செய்து பறக்கவிட்டான். அது பொருளாளரின் தோளில் வந்து இறங்கியது.

சில வாரங்கள் கழித்து, தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு பெண்ணிடம் அக்கா ஒன்றை நீட்டினார். இருபது வயது இருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"இது எங்கிட்ட ஏற்கெனவே நாலு இருக்கு" என்றாள் அந்தப் பெண். "வீட்டுல மேசை ஒரு பக்கம் ஆடிட்டே இருந்தது. மடிச்சு அதுக்கு அடியில வெச்சிருக்கேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஆடலையா?" என்று கேட்டார்.

"ஆடல. கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப இதை ஒண்ணு கூட வெச்சுக்கோ. நாளைக்கு நாற்காலி ஆடினா?"

அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பொருளாளரின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அன்று இரவு அக்கா கணவரிடம் சொன்னார்: "இத்தனை வாரமா நிக்கிறோம். இன்னிக்குத்தாங்க ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன். மத்த நேரமெல்லாம் குடுத்துட்டுதான் இருந்திருக்கேன்."

மறுநாள் ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து வீட்டுக்காரர் குறட்டையில் இருந்தார். தெருவில் ஏதோ சத்தம். அக்கா மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எதிரே ஒரு பெரிய மரச்சாமான் கடை, ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. அதன் முகப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஆறேழு இளைஞர்கள். காவலாளி தடியைத் தரையில் தட்டி அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நேற்றைய தொப்பியும் இருந்தது. அவர்கள் ஒரு பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, இந்தப் பக்க நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் உட்காருகிற மாதிரி.

அக்கா கீழே இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"போயிடறோம்க்கா. உங்க கடை முன்னாடி ஒண்ணும் பண்ணல" என்றாள் தொப்பிக்காரி.

"அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டான்ஸ் பிராக்டீஸ். நாங்க ஆடறது எங்களுக்குத் தெரியணும்ல. பெரிய கண்ணாடி வெச்ச ஹால் எல்லாம் வாடகைக்குத்தான். கடைக் கண்ணாடின்னா சும்மா. உள்ள இருட்டா இருந்து, வெளியில வெயில் அடிச்சா அப்படியே நிலைக்கண்ணாடி மாதிரி தெரியும்."

அக்கா தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். ஷட்டர் மூடியிருந்தது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சுவர் அகலத்துக்கு ஒரே கண்ணாடி. தினமும் காலையில் அவரே துடைப்பது. தன் முகம் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு உபயோகம் இருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

குனிந்து பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். பாதியில் அது மாட்டிக்கொண்டது. உயரமான ஒரு பையன் ஓடிவந்து ஒரே தள்ளாகத் தள்ளினான். ஷட்டர் கடகடவென்று மேலே போன சத்தத்தில் மாடியில் குறட்டை நின்றது.

இப்படித்தான் அந்த ஞாயிறுகள் தொடங்கின.

அவர்களில் யாருடைய பெயரும் அக்காவுக்கு நிற்கவில்லை. அவர்களே பட்டப்பெயரில்தான் கூப்பிட்டுக்கொண்டதால் பிழைத்தார். தொப்பிக்காரி கேப்டன். குதித்தால் தரைக்கு வர மனமில்லாத அந்த உயரமான பையன் ஸ்பிரிங். பாட்டுப் பெட்டியை யாரையும் தொடவிடாதவன் ரிமோட். பதிலுக்கு அவர்கள் இவருக்கு வைத்ததுதான் பவர் அக்கா.

அடுத்த வாரம், கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்தை அக்கா உரித்தெடுத்தார். படத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெண் கீழ்ப்பாதி முழுவதும் சாய்ந்திருந்ததால், ஆடுகிறவர்களுக்குத் தங்கள் கால் தெரியவில்லை. கணவர் பதறினார்.

"கம்பெனிக்காரன் வந்து கேட்டா?"

"கால் தெரியலன்னு சொல்லுங்க."

"யாரு கால்?"

"அதெல்லாம் அவன் கேக்க மாட்டான்."

ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையும் ஆட்கள் கண்ணாடி வாங்க வந்தார்கள். அவர்களைத் திருப்பியனுப்ப வீட்டுக்காரரை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார் அக்கா. தூக்கம் போன கடுப்பில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தார். மூன்றாம் வாரம், "அந்தக் கடைசி எட்டு எண்ணிக்கையில எல்லாரும் அரை தாளம் முந்துறீங்க" என்றார். ஆட்டம் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிமோட் பாட்டைத் திரும்ப ஓட்டிக் கேட்டுவிட்டு, "மாமா சொல்றது கரெக்ட்" என்றான். அன்றிலிருந்து எண்ணிக்கை மாமாவுடையது. அவருடைய அடிக்குரலில் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தால் எதிர்க்கடைக் காவலாளியின் காலும் அசைந்தது. காவலாளி பிறகு தன் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஸ்பிரிங்கிடம் மட்டும் ஒரு குறை. திரும்பிச் சுற்றும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்மேல் மோதினான். அவனுக்கு ஒழுங்கில்லை, கவனமில்லை என்று கேப்டன் வறுத்தெடுப்பாள். அக்கா இரண்டு வாரம் பார்த்தார். கண்ணாடியைப் பார்க்கும்போது அவன் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்தார். மூன்றாம் வாரம் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மேல இருந்து படி."

"எதுலக்கா?"

"சுவத்துல இருக்கிற பலகையில."

"பலகை எங்கக்கா இருக்கு?"

அக்கா தலையில் கைவைத்தார். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. கதவு எண்ணை எப்படிப் படிக்கிறான் என்று கேட்டார். கதவில் மூக்கு இடிக்கும் தூரத்துக்குப் போய்ப் படிப்பானாம். எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தானாம்.

மாமா லென்ஸ் தேய்த்தார். குதித்தாலும் விழாதபடி பின்னால் பட்டை வைத்த ஃப்ரேம். அடுத்த ஞாயிறு அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஸ்பிரிங், தெருவை இந்தக் கோடிமுதல் அந்தக் கோடிவரை பார்த்தான். மரத்தைப் பார்த்து, "இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றான். பாட்டு போட்டார்கள். ஆடினான். யார்மேலும் மோதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நான் இவ்வளவு மோசமாவா ஆடறேன்?"

கேப்டன் நடைபாதையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு வருஷமா சொல்றேன்டா" என்றாள். அவனைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அன்று அவளே தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தத் தேநீர் நேரத்தில்தான் அவன் கேட்டான், கண்ணைப் பற்றி அக்காவின் வேதத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. இயேசு ஒரு பார்வையற்றவரைத் தொட்ட கதையை அக்கா சொன்னார். முதல் முறை தொட்டதும் அந்த மனிதருக்கு ஆட்கள் நடக்கிற மரங்கள் மாதிரித் தெரிந்தார்களாம். இரண்டாம் முறை தொட்ட பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிந்ததாம்.

ஸ்பிரிங் கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்கும் அப்படித்தாங்க்கா இருந்தது. மரம் மாதிரியேதான். அந்த ஆளு நிஜமா இருந்திருக்காரு. இதைக் கதையாக் கட்டி விட முடியாது."

"முதல் தடவை ஏன் சரியா வரல?" என்று ரிமோட் கேட்டான்.

"பவர் செட் ஆகியிருக்காது" என்றார் மாமா. "எங்களுக்கே ரெண்டு தடவை மாத்த வேண்டியிருக்கு."

கேப்டன் சிரிக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு அவள் மட்டும் நின்றாள். அக்கா கண்ணாடியில் பதிந்த கைரேகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். எங்களை சர்ச்சுக்கு இழுக்கத்தானே இதெல்லாம்?"

அக்கா துணியை மடித்தார். "நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம். இல்லன்னு சொன்னா அது நடிப்பு. எனக்குக் கிடைச்ச நல்லது உனக்கும் கிடைக்கணும்னு தோணுது. ஆனா நீ வரலன்னாலும் அடுத்த வாரம் ஷட்டர் திறந்திருக்கும்."

"எத்தனை வாரம்?"

"உனக்கு மூட்டு வலி வர்ற வரைக்கும் ஆடு. எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு, அதனால சேந்து உக்காரலாம்."

கேப்டன் துணியை வாங்கி, அக்காவுக்கு எட்டாத மேல்பகுதியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சபைக் கமிட்டி கூடியபோதுதான் சிக்கல் வந்தது. இத்தனை மாதமாகச் சகோதரி ஊழியம் செய்கிறாரே, பலன் என்ன என்று பொருளாளர் கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஒரு பையனுக்கு மரத்தில் இலை தெரிகிறது என்று கமிட்டியில் எப்படிச் சொல்வது? பேசிப் பேசி, சபை மண்டபத்தில் ஒரு 'நட்பு மாலை' நிகழ்ச்சி வைப்பது என்று முடிவானது. பிள்ளைகள் வந்து ஆடட்டும், விருந்து கொடுப்போம், வெளியூரில் இருந்து ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டுக் கடைசியில் செய்தி கொடுக்கச் சொல்வோம்.

அக்கா பிள்ளைகளிடம் ஆட்டத்தைச் சொன்னார். விருந்தைச் சொன்னார். "அவ்வளவுதானே?" என்று கேப்டன் கேட்டபோது, "அவ்வளவுதான்" என்றார். பேச்சாளரைப் பற்றிச் சொன்னால் வரமாட்டார்கள் என்று பயம். ஒரே ஒரு மாலைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று அவர்கள் ஆடியது போல் அதற்குமுன் ஆடியதில்லை. சபையின் மூத்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேச்சாளர் எழுந்தார். முதல் வார்த்தையிலிருந்தே விரல் முன்வரிசையை நோக்கி நீண்டது. தெருவில் அலைந்து பாழாய்ப்போகும் பிள்ளைகள் என்றார். இன்று இரவே மனம் திரும்பாவிட்டால் நாளை உங்களுக்கு நிச்சயமில்லை என்றார். எழுந்து நின்று தான் சொல்கிற ஜெபத்தைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்.

கேப்டன் எழுந்து நின்றாள். பேச்சாளரின் முகம் மலர்ந்தது. அவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வாசலருகே அக்கா நின்றிருந்தார்.

"சாப்பாடு மட்டும்தான்னு சொன்னீங்க" என்றாள் கேப்டன். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மாமா தூங்கப் போகவில்லை. அவரே ஷட்டரைத் தூக்கினார், கண்ணாடியைத் துடைத்தார், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. எதிர்க்கடைக் காவலாளி சாலைக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மகள் போனில், "நீ போய் மன்னிப்பு கேளும்மா, ஜெபம் பண்ணிட்டே உக்காந்திருக்காத" என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. மகள் சொன்னது சரி என்பதால்தான்.

கேப்டன் வேலை பார்த்தது ஒரு சலவை நிலையத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே மலை மலையாக வந்து இறங்கும். அக்கா போனபோது உள்ளே நீராவியில் அவர் கண்ணாடி முழுக்கப் பனி பிடித்துக்கொண்டது. கழற்றித் துடைத்து மாட்டினால் மறுபடி பனி. தட்டுத் தடுமாறி நின்ற அவரைக் கேப்டன்தான் முதலில் பார்த்தாள். அவள் ஒரு பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, கூட மடிக்க வேண்டியவளுக்காகக் காத்திருந்தாள். கூட மடிப்பவள் அன்று வேலைக்கு வரவில்லை.

"எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்குக்கா. பேசணும்னா மறுமுனையைப் பிடிங்க" என்றாள்.

அக்கா பிடித்தார். இருவரும் இழுத்து உதறினார்கள். பாதியாக மடித்தார்கள். ஒருவரையொருவர் நோக்கி நடந்து முனைகளைச் சேர்த்தார்கள். மறுபடி விலகினார்கள்.

"அவர் பேசப்போறார்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அக்கா. "சொன்னா வரமாட்டீங்கன்னு மறைச்சேன். அது பொய்தான். உங்கிட்ட பொய் சொன்னேன்."

கேப்டன் அடுத்த விரிப்பை எடுத்தாள். "நீங்க மத்தவங்க மாதிரி இல்லன்னு நெனச்சேன்."

"மத்தவங்க மாதிரியேதான். கமிட்டியில கேள்வி கேட்டதும் பயந்துட்டேன். உன்னைவிட எனக்கு அவங்க பெருசாத் தெரிஞ்சாங்க. அதுக்கு மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

விலகி, சேர்ந்து, விலகி.

"இன்னொண்ணு. எங்க ஆண்டவர் யாரையும் ஏமாத்திக் கூட்டிட்டு வரச் சொல்லல. அது நானாப் பண்ணினது. அதுக்கு அவரைக் கோவிச்சுக்காத. என்னைக் கோவிச்சுக்கோ."

"ஓரம் நேரா இல்ல" என்றாள் கேப்டன். "நல்லா உதறுங்க."

அக்கா உதறினார். பத்துப் பதினைந்து விரிப்புகள் மடிந்தன. அக்காவின் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. ஒரு விரிப்பின் முனையைக் கொடுக்கக் கிட்டே வந்தபோது கேப்டன் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பேச்சாளர் பேண்டைப் பாத்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஒரே காலுல ரெண்டு மடிப்பு. இஸ்திரி போட்டவன் தண்டவாளம் மாதிரி போட்டு வெச்சிருக்கான். அவர் பாழாய்ப் போவீங்க, பாழாய்ப் போவீங்கன்னு சொல்றப்பல்லாம் நான் அதைத்தான் பாத்துட்டிருந்தேன்."

அக்கா விரிப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். கேப்டனாலும் முடியவில்லை. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, யார் இந்தப் புது ஆள் என்று கேட்டார். "டிரெயினிங்ல இருக்காங்க சார்" என்றாள் கேப்டன்.

கிளம்பும்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எதுவாக இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். அக்கா ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் அக்கா நேராகப் போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னார். போதகர், "நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். நிறுத்தியிருக்கலாம்" என்றார். ஞாயிறு மத்தியானம் அவரே கடைக்கு வந்தார், பொருளாளரையும் கையோடு கூட்டிக்கொண்டு. பிள்ளைகளிடம் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தார். பிரசங்கம் ஆகிவிடுமோ என்று எல்லாரும் பயந்தபோது சட்டென்று முடித்துக்கொண்டார். இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி அக்கா கேட்டதே இல்லை.

அன்று பாட்டுப் பெட்டி கரகரவென்று இரைந்து நின்றுபோனது. பொருளாளர் தொண்டையைச் செருமினார். சின்ன வயதில் ரேடியோ பிரித்து மாட்டுவது தனக்கு விருப்பமான பொழுதுபோக்கு என்றார். ரிமோட் யாருக்கும் கொடுக்காத பெட்டியை அவர் மடியில் வைத்தான். இருவரும் நடைபாதையில் உட்கார்ந்து ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். பொருளாளரின் சட்டையில் முதல் முறையாகக் கறை பட்டது. பெட்டி சரியானதும் பாட்டு முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக வந்தது. அவர் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். அவருக்குப் பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்று அக்காவுக்கு அன்றுதான் தெரியும். கைப்பிரதிப் பை கடை மூலையில் இருந்தது. அதை மறந்து விட்டுவிட்டே போய்விட்டார்.

பிள்ளைகள் ஒரு நடனப் போட்டிக்குப் போனார்கள். அக்காவும் மாமாவும் கடையை மூடிவிட்டுக் கூடப் போனார்கள். மேடையேறுவதற்கு முன் கேப்டன், "அக்கா, ஜெபம் பண்ணணும்னா பண்ணிக்கோங்க. சின்னதா" என்றாள். அக்கா கண்ணை மூடி ஒரே வரியில் முடித்தார். இரண்டாம் சுற்றில் தோற்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் பாட்டும் கூத்துமாக இருந்தது. ஓட்டுநர் தன் நிறுத்தத்தையே மறந்து தாண்டிவிட்டார்.

ஸ்பிரிங் மெல்ல மெல்லச் சபைக்கு வர ஆரம்பித்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். மரம் மாதிரி ஆட்களைப் பார்த்த மனிதரின் கதையில் ஆரம்பித்து, மற்ற கதைகளையும் ஒவ்வொன்றாக மாமாவிடம் லென்ஸ் அறையில் உட்கார்ந்து கேட்டான். மாதங்கள் போன பிறகு, தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று அவனே போதகரிடம் கேட்டான். "அவசரமில்ல, யோசிச்சுக்கோ" என்றார் போதகர். "யோசிச்சுட்டுத்தான் வந்தேன், சார். இத்தனை மாசமா நான்தான் உங்களுக்கு யோசிக்க நேரம் குடுத்தேன்" என்றான்.

அக்கா கேப்டனிடம் போனார். "முன்னாடியே சொல்றேன். பாட்டு இருக்கும், ஜெபம் இருக்கும், பிரசங்கம் இருக்கும். யாரும் உங்களைப் பாத்து விரல் நீட்ட மாட்டாங்க. ஆனா நேரமாகும்."

"எவ்வளவு நேரம்?"

"அது போதகர் கையில. ஆண்டவருக்கே முன்கூட்டித் தெரியுமான்னு சந்தேகம்."

குழு முழுவதும் வந்தது. மரச்சாமான் கடைக் காவலாளியும் சலவை செய்த சட்டையில் வந்திருந்தார். ஞானஸ்நானத் தொட்டியில் இறங்குமுன் ஸ்பிரிங் தன் கண்ணாடியைக் கழற்றி, யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, கேப்டனிடம் நீட்டினான். தண்ணீருக்குள் போய் எழுந்தவனுக்குப் படி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. போதகரை நோக்கியே நடந்து அவரையும் அரை அடி பின்னால் தள்ளிவிட்டான். கேப்டன் எழுந்து தொட்டி விளிம்புவரை போய், அவன் ஈர முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவன் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தான். குழுவில் ஒருவர் நன்றாக ஆடினால் அவர்கள் கை தட்டுவதில்லை. காலால் இரண்டு முறை தரையை உதைத்து, விரலைச் சொடுக்குவார்கள். அதைச் செய்தார்கள். பிறகு பாடகர் குழுவில் நின்றிருந்த மாமா உதைத்தார், பலகை அதிர்ந்தது. அதன் பிறகு சபை முழுவதும் உதைத்தது. சொடுக்கத் தெரியாத மூத்த பெண்கள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். அக்கா அழுதார், சிரித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி அழுதார்.

கேப்டன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சில ஞாயிறு வருவாள், சில ஞாயிறு வரமாட்டாள். வந்தால் கதவோரம் உட்காருவாள். ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் போதகரைப் பிடித்துக்கொண்டு, பிரசங்கத்தில் தனக்கு ஒப்பாத இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்பாள். நல்லவர்களுக்குக் கஷ்டம் ஏன் வருகிறது என்பதில் தொடங்கும், எங்கெங்கோ போகும். போதகர் முதலில் திணறினார். இப்போது அவள் என்ன கேட்பாள் என்று சனிக்கிழமையே உட்கார்ந்து யோசிக்கிறாராம். அவள் வராத வாரம் அவருடைய முகம் வாடிவிடுகிறது என்று அவர் மனைவியே சொல்கிறார்.

போன ஞாயிறும் அப்படித்தான். படிக்கட்டில் இருவரும் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு கீழ்ப்படியில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் மிச்சச் சண்டையைக் கடைக்கு வந்து போடுங்க. வெயில் போயிடுச்சுன்னா கண்ணாடியில ஒண்ணும் தெரியாது" என்றார்.

"ஒரே ஒரு பாயிண்ட்க்கா" என்றாள் கேப்டன்.

"அவங்க சொன்னதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலையே" என்றார் போதகர்.

பேசிக்கொண்டே மூவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.